முனியப்பனுக்கு ஒரு காப்பாளர்

முனியப்பன் ஒரு குழந்தை என்ற விவரம் லீலாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத்தான் தெரியவந்தது. அதுவரைக்கும் அவரை அவள் வேறு விதமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. மைசூர் மேட்டகள்ளியில் அவள் வீட்டுப் பின்புறம் வேப்பமரத்தடியில் இருக்கும் முனியப்பனை யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். உட்கார்ந்தபடியே ஐந்தடி உயரம். காதுவரை போய்ச் சுருண்டு திரும்பும் மீசை. முட்டை முட்டையாகக் கண்கள். கடைவாயில் இரண்டு கோரைப்பற்கள். வலது கையில் அரிவாள். லீலாவின் அப்பா அய்யாசாமி ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கொத்தனார். ஊர்க் கோயிலில் பிடிமண் எடுத்துவந்து இங்கே போட்டு, வேலை செய்த இடங்களில் மிஞ்சிய சிமெண்டைக் கொண்டு தன் கையாலேயே சாமியைச் செய்து வைத்தார். மிஞ்சிய சிமெண்ட் என்பது அய்யாசாமியின் சொல். காண்ட்ராக்டர்கள் அதற்கு வேறு சொல் வைத்திருந்தார்கள்.

சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால் அய்யாசாமி உயில் எழுதினார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் லீலா, இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்குத் திரும்பியவள். ஒரு கல்லூரி விடுதிச் சமையற்கட்டில் வேலை. அந்த வீட்டை விட்டால் தலைசாய்க்க இடம் கிடையாது. இளையவன் சந்திரன், மனை வாங்கி விற்கும் புரோக்கர். அப்பாவின் முப்பதுக்கு நாற்பது சைட்டில் நாலு மாடி கட்டினால் எப்படி இருக்கும் என்பதைப் பத்து வருஷமாக மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தவன். வீட்டை மகளுக்கு எழுதினால் மகன் கொள்ளி வைக்க வரமாட்டான் என்று அய்யாசாமிக்குப் பயம். மகனுக்கு எழுதினால் மகள் தெருவுக்கு வந்துவிடுவாள் என்று அதைவிடப் பெரிய பயம். அதனால் சாமிக்கு எழுதிவிட்டார்.

“மேற்படி வீடும் மனையும் முனியப்பசாமிக்கே சொந்தம். சாமியைக் கவனித்துக்கொள்கிறவர் அவ்வீட்டில் இருந்துகொள்ள வேண்டியது.”

கவனித்துக்கொள்கிறவர் யார் என்று பெயர் போட வேண்டாமா என்று பத்திரம் எழுதியவர் கேட்டிருக்கிறார். “அதுதான் ஊருக்கே தெரியுமுங்களே” என்றாராம் அய்யாசாமி. ஊருக்கே தெரிந்த விஷயம் அலுவலகத்துக்குத் தெரியாது என்பது, பாவம், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சந்திரன் வந்தான். முறையாகக் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பதினேழாம் நாள் மனு போட்டான். முனியப்பனைக் கவனித்துக்கொள்வது தானே என்றும், அக்கா அங்கே சும்மா தங்கியிருப்பவள் என்றும் எழுதியிருந்தான்.

மனு போன இடம் தெய்வ உடைமைக் காப்பு அலுவலகம். சந்து ஒன்றில், மாடியில், புதிதாகத் திறந்திருந்தார்கள். சாமிகளின் பெயரில் உள்ள சொத்துகளைச் சாமிகளின் சொந்தக்காரர்களிடமிருந்து காப்பாற்றுவது அதன் வேலை. அலுவலகம் புதிது என்பதால் தனிப் படிவங்கள் இன்னும் அச்சாகி வரவில்லை. ஆனால் முன்பு அதே மாடியில் இருந்து காலி செய்துபோன ஒரு குழந்தைகள் நல அலுவலகம், கட்டுக் கட்டாகத் தன் படிவங்களை விட்டுப் போயிருந்தது. சட்டத்தில் சாமியும் மைனர், குழந்தையும் மைனர் என்பதால், தலைப்பை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு அவற்றையே உபயோகிக்கலாம் என்று அதிகாரி கிருஷ்ணராஜ் முடிவு செய்தார். சிக்கனத்துக்காக மேலிடத்திலிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

கிருஷ்ணராஜ் சின்ன வயதில் தமிழ்க் குடும்பங்கள் நடுவே வளர்ந்தவர். தமிழர் யாராவது வந்தால் தமிழில்தான் பேசுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வந்த லீலாவிடமும் அப்படித்தான் பேசினார்.

“நோடி அம்மா, இங்க பாருங்க, உங்க மனசுல அவரு சாமி. சட்டத்துல அவரு மைனர். சொந்தமா சொத்தைப் பாத்துக்க முடியாது. கையெழுத்துப் போட முடியாது. யாராச்சும் ஏமாத்தினா கேக்கறதுக்கு வாயில்லை. அந்தக் கொழந்தைக்கு நம்மள விட்டா யாரு இருக்காங்க?”

“மீசை இருக்குதுங்களே” என்றாள் லீலா.

“மீசையைச் சட்டம் கணக்குல எடுக்கறதில்லை.”

பக்கத்து மேஜையில் குமாஸ்தா தொட்டையன் படிவத்தை விரித்தார். நல்ல மனிதர். முப்பது வருஷ சர்வீசில் கேள்வி கேட்டுப் பழகியவர், பதிலைக் கேட்டுப் பழகாதவர்.

“மைனருக்குப் பல் முளைத்துவிட்டதா?”

“முளைச்சிருச்சுங்க. ரெண்டு.”

“தவழ்கிறதா, நடக்கிறதா?”

“ராத்திரி குதிரையில போவாருன்னு எங்கப்பா சொல்லுவாருங்க.”

தொட்டையன் யோசித்து, ‘நடக்கிறது’ என்று குறித்துக்கொண்டார்.

“வழக்கமான உணவு?”

பொய் சொல்ல லீலாவுக்குத் தெரியாது. அதிலும் சாமி விஷயத்தில் சொல்லவே மாட்டாள். “வெள்ளிக்கெழமை பொங்கலுங்க. அமாவாசைக்கு அமாவாசை ஒரு சேவலு, ஒரு குவார்ட்டரு. அப்பறம் சுருட்டுப் பத்த வெச்சு வாயில வெப்போமுங்க.”

தொட்டையனின் பேனா நின்றது. அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை லீலாவுக்கு நோட்டீஸ் வந்தது. தன் பராமரிப்பில் உள்ள மைனருக்கு மதுவும் புகையிலையும் தொடர்ந்து வழங்கி வந்ததாகவும், அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்ற தோரணையில் அலுவலகத்தில் வந்து பேசியதாகவும் அவள்மேல் குற்றம். நோட்டீசை மூன்று தடவை படித்தாள். படித்துவிட்டுப் பின்புறம் போய் முனியப்பனைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அமாவாசையன்று கிருஷ்ணராஜ் நேரிலேயே வந்தார். தொட்டையனும் இன்னும் இரண்டு பேரும் கூட வந்தார்கள். முனியப்பன் வாயிலிருந்த சுருட்டை இடுக்கியால் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரக்கு வைத்து, பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள். குவார்ட்டரைக் கைப்பற்றிய உறையும் பட்டியலில் இருக்கிறது. அது அலுவலகம் போய்ச் சேரும்போது காலியாக இருந்ததாக இன்னொரு பட்டியல் சொல்கிறது. சேவல் வேலி தாண்டித் தப்பித்துக்கொண்டது. அன்றைக்கு அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தது அது ஒன்றுதான்.

கிளம்பும்போது அதிகாரி அரிவாளைப் பார்த்துவிட்டார்.

“கொழந்தை கையில கூரான ஆயுதமா?”

“அது சிமெண்டுங்க. கையோட சேத்துச் செஞ்சதுங்க.”

ஆகவே அரிவாளுக்கு ஸ்பாஞ்ச் சுற்றிக் கட்டினார்கள். முனியப்பன் பெரிய மெத்தையொன்றைத் தூக்கி யாரையோ அடிக்கப்போகிறவர் மாதிரி ஆனார். இனிமேல் மைனருக்குக் காலையில் ஒரு டம்ளர் பால், மாலையில் இரண்டு பிஸ்கட் என்று உத்தரவு போட்டுச் சுவரில் ஒட்டினார்கள்.

லீலா உத்தரவை மீறவில்லை. காலையில் பாலை வைத்துவிட்டு, “கோவிச்சுக்காதீங்க சாமி, கவருமெண்டுல சொல்லியிருக்காங்க” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மூன்றாம் நாள் மீசை முழுக்க எறும்பு. அதைத் துடைத்துவிடும்போது அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. அப்பா இருந்தவரை ஒரு வார்த்தை பேச யாருக்கும் தைரியம் வந்ததில்லை, சாமியையும் சரி, தன்னையும் சரி.

சந்திரன் கெட்டிக்காரன். அலுவலகத்துக்கு எது பிடிக்கிறது என்று பார்த்தான், அதையே செய்தான். ஞாயிறுதோறும் பலூனோடு வந்தான். முனியப்பனுக்குப் பிறந்தநாள் என்று ஒரு நாளைத் தானே வைத்து, கேக் வாங்கிவந்து, அரிவாள் கையாலேயே வெட்டுவதுபோல் படம் எடுத்தான். தலையில் கூம்புத் தொப்பி. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. மடியில் கிலுகிலுப்பை. படங்களையெல்லாம் ஒட்டி, ‘மைனரின் மகிழ்ச்சியான தருணங்கள்’ என்று தலைப்புப் போட்டு அலுவலகத்தில் கொடுத்தான்.

லீலாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏண்டா சந்திரா, உனக்குப் பயமா இல்லியா? அவருக்கு முன்னாடி நின்னு நாக்குல நரம்பில்லாம பொறந்தநாள் பாட்டுப் பாடற?”

“அக்கா, நீ இன்னும் அவரச் சாமின்னே நெனச்சுக்கிட்டு இருக்க. அதனாலதான் உன் கேசு தோத்துக்கிட்டே போவுது.”

அதில் உண்மை இருந்தது. கிருஷ்ணராஜே ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு அதையேதான் சொன்னார். “உங்க தம்பி அன்பா இருக்காரு. நீங்க மரியாதையா இருக்கீங்க. கொழந்தைக்கு வேண்டியது அன்பு.”

கடைசியில் மைனரின் விருப்பத்தையே கேட்டுவிடுவது என்று தீர்மானமாயிற்று. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. லீலாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இது அவளுக்குத் தெரிந்த வழி. கல்யாணம், கிணறு வெட்டுவது, கடன் வாங்குவது எதுவானாலும் ஹனூரில் சாமியிடம் பூக் கேட்பார்கள். சாமி தலையில் பூ வைத்துவிட்டுக் காத்து நிற்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். அதைச் சொன்னாள்.

“மைனருக்குப் பதிலாப் பூ சாட்சி சொல்ல முடியாதும்மா. அதோட, பூவுக்கும் வயசு பாக்கணும். இன்னிக்குக் காலையில பூத்தது” என்றார் கிருஷ்ணராஜ்.

குழந்தையை யாரும் மிரட்டிவிடக்கூடாது என்பதற்காக வேப்பமரத்தைச் சுற்றி நாலு பக்கமும் படுதா கட்டினார்கள். லீலாவும் சந்திரனும் தெருவுக்கு அனுப்பப்பட்டார்கள். கிருஷ்ணராஜ் ஒரு நாற்காலி, ஒரு சாக்லேட், ஒரு கேள்விப் பட்டியல் இவற்றோடு தனியாக உள்ளே போனார். ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சாக்லேட் அவர் கையிலேயே உருகியிருந்தது.

அவருடைய அறிக்கை கோப்பில் இருக்கிறது. “எந்தக் கேள்விக்கும் மைனர் பதில் சொல்லவில்லை. சாக்லேட்டை ஏற்கவில்லை. கண்கள் அகல விரிந்திருந்தன. இது கடும் அச்சத்தின் அடையாளம். பற்கள் துருத்திக்கொண்டிருப்பதால் ஊட்டக்குறைவும் தெரிகிறது. ஒரு கட்டத்தில் மைனர் என்னை உற்றுப் பார்த்ததில் உதவி கேட்கும் பாவனை இருந்தது. இரு தரப்பாரும் மைனரின் சொத்துக்காகவே மைனரை நேசிக்கிறார்கள் என்பது என் கருத்து. ஆகவே அலுவலகமே காப்பாளராகப் பொறுப்பேற்கிறது.”

தீர்ப்பைக் கேட்டு முதலில் கத்தியது சந்திரன்தான். “சார், கேக்கு வெட்டினேனே சார்!”

“கேக்குல முட்டை இருந்துச்சு” என்றார் கிருஷ்ணராஜ். “படத்துல தெரியுது.”

மைனரைப் பத்திரமாக அலுவலக மாடிக்குக் கொண்டுபோக லாரி வந்தது. ஆனால் அய்யாசாமி செய்த வேலை அது. சாமி பீடத்துக்கு அடியில் அவர் எத்தனை மூட்டை இறக்கியிருந்தார் என்று அவருக்கும் சில காண்ட்ராக்டர்களுக்கும்தான் தெரியும். இரண்டு கடப்பாரை வளைந்தது. மூன்றாவது கடப்பாரையைப் பிடித்தவன் முனியப்பன் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கிளம்பிப் போய்விட்டான். குழந்தையைக் காப்பாளரிடம் கொண்டுபோக முடியாது என்று தெளிவானது. எனவே காப்பாளரைக் குழந்தையிடம் கொண்டுவந்தார்கள்.

ஒரே வாரத்தில் அலுவலகம் மேட்டகள்ளிக்கு இடம் மாறியது. முன்னறை கிருஷ்ணராஜுக்கு. நடுவறையில் தொட்டையனும் பீரோக்களும். லீலா படுத்துக்கொண்டிருந்த அறையில் படிவக் கட்டுகள். வாசலில் மூன்று மொழியில் பலகை. பதினைந்து நாளில் காலி செய்யுமாறு லீலாவுக்குக் கடிதம் வந்தது. அதைத் தொட்டையனே நடுவறையிலிருந்து அடுப்படிக்கு நடந்துவந்து கொடுத்து, கிடைத்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

“எங்கம்மா போவீங்க?” என்று கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு அன்றைக்கு முதல்முறையாகப் பதிலுக்காகவும் நின்றார்.

“தெரியலீங்க” என்றாள் லீலா. “அம்பத்தோரு வயசுல யாரு வீடு குடுப்பாங்க? விடுதியில கேட்டுப் பாக்கோணும். பாத்திரம் கழுவற எடத்துல ஒரு மூலை இருக்குது.”

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தொட்டையன் கடித நகலை எடுத்துக்கொண்டு நடுவறைக்குப் போனார். அவருக்கு அந்த நாளெல்லாம் வேலை ஓடவில்லை.

அவர்தான் மறுநாள் படிவக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்த விதியைக் கண்டுபிடித்தார். தற்செயலாக என்றுதான் அதிகாரியிடம் சொன்னார். மைனர் தங்கியிருக்கும் எந்த நிறுவனத்திலும் இருபத்துநாலு மணி நேரமும் உடனிருக்க ஒரு பெண் பராமரிப்பாளர் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நிறுவனத்துக்குச் சீல் வைக்கப்படும். பெங்களூரிலிருந்து தணிக்கைக்காரர்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

கிருஷ்ணராஜ் உடனே ஆள் தேடினார். முதலில் வந்த பெண்மணி சான்றிதழ்களோடு வந்து, மைனரைக் காட்டுங்கள் என்று கேட்டு, பார்த்து, சான்றிதழ்களை மறந்து வைத்துவிட்டுப் போனார். இரண்டாவதாக வந்த பசம்மா என்பவர் அனாதை விடுதியில் இருபது வருஷம் இருந்தவர். படுதாவை விலக்கியவர் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். இந்தப் பிள்ளையை வளர்க்கத் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேட்டகள்ளி வீட்டில் மிச்சமிருந்த ஒரே பெண் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“அவங்க மேல சுருட்டுக் கேசு இருக்கேய்யா” என்றார் கிருஷ்ணராஜ்.

“பயிற்சி குடுத்துட்டா கேசு முடிஞ்ச மாதிரி சார். விதி பன்னெண்டு” என்றார் தொட்டையன்.

அரை மணி நேரப் பயிற்சி நடந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்குமுன் சூடு பார்ப்பது எப்படி என்று கிருஷ்ணராஜ் புறங்கையில் சொட்டு விட்டுக் காட்டினார். இருபத்தைந்து வருஷமாக விடுதியில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைத்துப்போட்ட லீலா கவனமாகப் பார்த்துக்கொண்டாள். சான்றிதழ் கொடுத்தார்கள். கையோடு நியமன உத்தரவும் தயாரானது. அதற்கும் பழைய படிவம்தான், தலைப்பு மட்டும் அடித்தது.

இந்தச் சமயத்தில்தான் சந்திரனும் வந்து சேர்ந்தான். அலுவலகத்தைக் காலி செய்யச் சொல்லி எங்கே மனுப் போடலாம் என்று அலுவலகத்திலேயே விசாரிக்க வந்திருந்தான். முன்னறையில் நின்றுகொண்டே லீலா உத்தரவைப் படித்தாள். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, மெதுவாகப் படித்தாள்.

“மேற்படி பராமரிப்பாளர் மைனர் வசிக்கும் இடத்திலேயே தங்க வேண்டும். மைனருக்குப் பதினெட்டு வயது நிறைவடையும் வரை இந்த நியமனம் செல்லும். அதுவரை அவரை மாற்றுவதோ வெளியேற்றுவதோ குழந்தையின் மனநிலையைப் பாதிக்கும் என்பதால் யாருக்கும், இந்த அலுவலகத்துக்கும்கூட, அதற்கு அதிகாரமில்லை.”

விரலைப் பதினெட்டின்மேல் வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

“ஏனுங்க சார், அவருக்குப் பதினெட்டு எப்ப ஆகுமுங்க?”

கிருஷ்ணராஜ் வாய்விட்டுச் சிரித்தார். நாள் முழுக்க அலைந்த களைப்பில் அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

“ஆகவே ஆகாதும்மா! அதுதானே இதுல விசேஷம். மனுஷக் கொழந்தைன்னா வளந்துரும். ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுச் சொத்தை வாங்கிக்கிட்டுப் போயிரும். அப்பறம் நமக்கு என்ன வேலை? தேவரு, அதான் சாமி, வளர மாட்டாரு. நான் ரிட்டயர் ஆவேன், எனக்கப்பறம் வர்றவரு ரிட்டயர் ஆவாரு, இவரு மைனராவே இருப்பாரு. இவரு மைனரா இருக்கற வரைக்கும் நம்ம ஆபீசை யாரும் அசைக்க முடியாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க” என்றாள் லீலா. “இதைக் கொஞ்சம் இதுலயே எழுதிக் குடுத்துருங்க சார். நாளைக்கு யாராச்சும் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.”

“தாராளமா.” உத்தரவின் அடியில், மைனருக்கு எக்காலத்திலும் பதினெட்டு வயது ஆகாது என்று கிருஷ்ணராஜ் தன் கைப்பட எழுதினார். எழுத்து அழகாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். தொட்டையன் யாரும் கேட்காமலே முத்திரையை மையில் ஒற்றி நீட்டினார். கிருஷ்ணராஜ் அதையும் ஓங்கிக் குத்தினார்.

சந்திரன் பத்திரங்களோடு புழங்கியவன். முத்திரைச் சத்தம் கேட்டதுமே அவனுக்கு உறைத்துவிட்டது. கிருஷ்ணராஜுக்கு அடுத்த கோப்பைத் திறந்து பாதிப் பக்கம் போன பிறகுதான் உறைத்தது. அவர் நிமிர்ந்தபோது லீலா காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் பாதி வழி போயிருந்தாள்.

“அக்கா, அக்கா, ஒரு நிமிசம்” என்று சந்திரன் பின்னாலேயே ஓடினான். “அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் குடு, சும்மா பாத்துட்டுத் தர்றேன்.”

லீலா நின்று திரும்பினாள்.

“அது ஆபீசுக் காகிதமப்பா. அப்படியெல்லாம் கையில குடுக்க முடியாது. தொட்டையன் சார்கிட்ட மனு எழுதிக் குடுத்துட்டுப் போ.”